குராமியின் சிவப்புப் பாலம்

அத்தியாயம் 11

"பாலம் இருக்கா, இல்லையா?"

காவல் சாவடி அதிகாரி மிசொகுச்சி அந்தக் காலையில் அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. சுவரில் இருந்த இரும்பு வளையத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த ஓமியோ தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லைங்க."

"சிவப்புச் சாயம் அடிச்ச மரப்பாலம். அதலபாதாளத்துக்கு மேல வளைஞ்சு நிக்குது. உன் கண்ணுல படலையா?"

"ஒரு கூடையைக் கயித்துல தொங்க விட்டிருந்தாங்க. அதுல உக்காந்துதான் அக்கரைக்குப் போனேன். பாலம் இல்லைங்க."

மிசொகுச்சி கையிலிருந்த வண்ண அச்சுப்படத்தை அவள் முகத்துக்கு நேரே விரித்தார். வெள்ளை மலை. வெள்ளை வானம். நடுவே, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் ஒரு பாலம். பாலத்தின் முனையில் வளைந்த பைன் மரம். மரத்தடியில் ஒரு தேநீர்க்கடை, அதன் வாசலில் ஒரு காகித விளக்கு. மேல் மூலையில் படத்தின் பெயர்: 'குராமியில் மாலைப் பனி'.

"நம்ம எடோ நகரத்துல பாதி வீட்டுச் சுவத்துல இந்தப் பாலம் தொங்குது. இச்சிகாகு மாதிரி பெரிய ஓவியர் நேர்ல நடந்து போய்ப் பாத்து வரைஞ்சது. அவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலைன்னா என்ன அர்த்தம்? நீ குராமிக்கே போகலை. இங்கேதான் இருந்திருக்கே. உன் முதலாளி மண்டையைப் பிளந்தது நீதான்!"

"பாவங்க, பயத்துல உளறுறா," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டியிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அத்தனை அடக்கமாக உட்கார்ந்திருந்தான் ஹிகொஜிரோ. கொலையுண்ட பட்டு வியாபாரி சோயெமோனின் தலைமைக் கணக்கன். "நல்ல பொண்ணு. என்ன புத்தி கெட்டுப் போச்சோ."

இந்த இரக்கம் கன்ரோகுவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கன்ரோகு அசாகுசாப் பேட்டையில் மனைவியோடு ஒரு பொதுக் குளியலறை நடத்துகிறவர். வெந்நீரில் கழுத்து வரை இறங்கிய மனிதன் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. அப்படி ஊர்ச் சங்கதி எல்லாம் காதில் விழுந்து விழுந்தே அவர் மிசொகுச்சியின் துப்பாளி ஆனவர். பக்கத்தில் நிற்கிற தமேஜி, குளியலறை அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அடுப்பு அணைந்தாலும் அணையும், அவன் வாய் அணையாது.

வழக்கு இதுதான். கார்த்திகைக் குளிர் தொடங்கியபோது சோயெமோன் தன் மனைவியிடம், "குராமிக்கு ஆள் அனுப்பியிருக்கேன், இந்த வருஷத்துப் பட்டு நூலைப் பாத்துட்டு வர" என்று சொன்னார். யாரை என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் சரக்கறையில் பிணமாகக் கிடந்தார். சரக்கறைச் சாவி அவரைத் தவிர இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவன் ஹிகொஜிரோ. இன்னொருத்தி, நூலின் தரம் பார்க்கிற ஓமியோ. அந்த நாட்களில் இருவருமே கடையில் இல்லை. இருவருமே, "குராமிக்குப் போனது நான்தான்" என்கிறார்கள். ஆள் விட்டு விசாரிக்கலாமென்றால், அவர்கள் திரும்பிய மறுநாளே கனத்த பனி விழுந்து குராமிக்குப் போகிற கணவாய் மூடிக்கொண்டது. இனி வசந்தத்தில்தான் திறக்கும்.

"எஜமான், ஒரு சந்தேகம்," என்றார் கன்ரோகு. "இந்த ஹிகொஜிரோவை முதல் தடவை விசாரிச்சப்ப, மலை, குளிர், பனின்னு மூணே வார்த்தைதான் சொன்னான். இப்பப் பாலம், மரம், டீக்கடைன்னு மணிமணியாச் சொல்றானே?"

"அப்பக் காய்ச்சல்ல இருந்தேன்," என்றான் ஹிகொஜிரோ பணிவாக. "இப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது."

"காய்ச்சல் விட்டதும் ஞாபகம் வருதா? எனக்குப் பசிதான் வரும்," என்றான் தமேஜி.

மிசொகுச்சி இருவரையும் முறைத்தார். "சாயங்கால மணி வரைக்கும்தான் கெடு, கன்ரோகு. அப்புறம் இவளைத் தென்மாச்சோ சிறைக்கு அனுப்பிடுவேன்."

ஓமியோ முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். தென்மாச்சோவில் விசாரணை என்றால் மடியில் கல்லை அடுக்குவார்கள். ஒரு கல், இரண்டு கல். செய்யாததையும் செய்தேன் என்று சொல்ல வைக்கிற கல் அது. சொல்லிவிட்டால் அப்புறம் தலை தங்காது.

கன்ரோகு படத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார்.

தெருமுனையில் தமேஜி சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை வாங்கி, கைக்குக் கை மாற்றி ஊதிக்கொண்டே ஓடி வந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம்னா விட்டுடவா போறே?"

"படம் நிஜம் சொல்லும்னு எஜமான் எப்படி நம்புறாரு? போன மாசம் நான் ஒரு டீக்கடைப் பொண்ணு படம் வாங்கினேன். அடேயப்பா, என்ன கழுத்து! கடையைத் தேடிப் போய் நேர்ல பாத்தேன். படத்துல இருந்த கழுத்துல பாதி கூட இல்லை."

"பொண்ணு என்ன சொன்னா?"

"டீக்குப் பணம் கேட்டா."

"சும்மா உளறினாலும் விஷயத்தோட உளறுறேடா," என்றார் கன்ரோகு. "ரெண்டு பேர்ல ஒருத்தர் குராமிக்குப் போகலை. ஒருத்தர் சொல்றது படத்தோட அச்சு அசலாப் பொருந்துது. இன்னொருத்தர் சொல்றது பொருந்தலை. ஊரே பொருந்தறவனை நம்புது. எனக்கு அவன் மேலதான் சந்தேகம். நிஜமாப் பாத்தவன் ஒரு இடத்துலயாவது முன்னே பின்னே சொல்லுவான்."

படத்தை வெளியிட்டது கசமியா என்ற கடை. வாசல் திரையில், குறுக்கும் நெடுக்குமாக வைத்த இரண்டு சுரைக்குடுக்கைகள். உள்ளே கயிறு கட்டி, கவ்விகளில் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணை மாறுகண்ணாக்கி முறைக்கும் நாடக நடிகர்கள், தொப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சுமோ மல்லர்கள், கண்ணாடி பார்க்கும் அழகிகள், கிணற்றிலிருந்து எழும் பேய், எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதாவது ஒரு மூலையில் ஃபுஜி மலை. கடை நடுவே, ஒரு சின்ன மேடையில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு.

"ஆசான் இச்சிகாகு குராமிக்கு நடந்து போன செருப்பு," என்றார் கடைக்காரர் ரிஹேய், கும்பிடாத குறையாக. "தொடாதீங்க."

கன்ரோகு அதற்குள் தொட்டுவிட்டார். செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வைக்கோல் முனைகள் இன்னும் மஞ்சளாக, மொடமொடவென்று இருந்தன.

"எனக்கு வைக்கோல் செருப்பு ஒரு ஜோடி ரெண்டு நாள் தாங்கினா அதிசயம்," என்றான் தமேஜி. "குராமி வரைக்கும் போய்த் திரும்பினா ஒரு மூட்டை செருப்பு வேணுமே. ஆசான் என்ன, தலையால நடந்தாரா?"

"ஆசானுக்கு ரொம்ப லேசான நடை," என்றார் ரிஹேய். அவர் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"அவரை ஒரு வார்த்தை பாக்கணும்."

"அடடா! போன வாரம்தான் வடக்கே கிளம்பினார். இந்நேரம் ஓஷூ மலையில பனியில நனைஞ்சுக்கிட்டு வரைஞ்சுக்கிட்டிருப்பார்."

அந்த நேரம் பார்த்து ஒரு வேலைக்காரப் பெண் தட்டை ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சுட்ட மத்தி மீன், ஆவி பறக்கும் சோறு, முள்ளங்கி ஊறுகாய், ஒரு குப்பி சூடான சாகே மது.

"சாப்பாடு யாருக்கு?" என்றார் கன்ரோகு.

"பூனைக்கு," என்றார் ரிஹேய் சட்டென்று.

"சாகே?"

ரிஹேய் பேந்தப் பேந்த விழித்தார்.

"கொடுத்து வெச்ச பூனை," என்றான் தமேஜி. "அண்ணே, நான் போய் அதோட கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிட்டு வரேன்." ரிஹேய் தடுப்பதற்குள் அவன் மூன்று மூன்று படியாகத் தாவியிருந்தான்.

கன்ரோகுவும் பின்னாலேயே ஏறினார். மாடியில் பூனை இல்லை. பருத்த மனிதர் ஒருவர் பஞ்சு அங்கியைப் போர்த்திக்கொண்டு கணப்பை அணைத்தாற்போல உட்கார்ந்திருந்தார். வீங்கிய கால் ஒன்று திண்டின் மேல் இருந்தது. ஒரு பக்கம் வழிகாட்டிப் புத்தகம் விரிந்து கிடந்தது. மறுபக்கம் ஈரம் காயாத மையில் ஓஷூ மலைகள்.

"ஓஷூவுல ரொம்பக் குளிரா ஆசானே?" என்றான் தமேஜி.

இச்சிகாகுவின் கையிலிருந்த தூரிகை நழுவியது. எடோவில் உள்ள எந்தப் பயணியையும்விட அதிக ஊர் சுற்றியவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர், இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கய்யா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்? இங்க இருக்கற சுமிதா ஆத்தைத் தாண்டினதே என் ஆயுசுல ரெண்டு தடவைதான். ரெண்டும் படகுல. குராமின்னு ஒரு ஊர் இருக்கறதே இந்த ரிஹேய் சொல்லித்தான் தெரியும். புத்தகத்துல மலை, பனி, நல்ல பட்டுன்னு ஒரே ஒரு வரி இருந்துச்சு."

"அப்பப் பாலம்?"

"வெறும் வெள்ளையா இருந்தா எவன் வாங்குவான்? நடுவுல ஒரு சிவப்பு வேணும்னு ரிஹேய் சொன்னார். பாலம் போட்டேன்."

தமேஜி குதித்தே விட்டான். "முடிஞ்சது அண்ணே! பாலமே கிடையாது! ஓமியோ அக்கா தப்பிச்சாச்சு!"

"கொண்டாடாதே," என்றார் கன்ரோகு. அவர் முகம் இன்னும் இறுகியது. "பாலம் இருக்கா இல்லையான்னு இவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் இப்பத் தெரிஞ்சுது. இவர் கண்ணை மூடிட்டு வரைஞ்ச இடத்துல நிஜமாவே ஒரு பாலம் இருந்து தொலைச்சா? எஜமான் அதைத்தான் கேப்பாரு."

"அதோட, நான் சாவடிக்கெல்லாம் வரமாட்டேன்," என்றார் இச்சிகாகு அவசரமாக. "வந்து நான் போகலைன்னு சொன்னா, நாளைக்கு என் படத்துல மீனைத்தான் மடிப்பாங்க."

"நானும் எதையும் பாக்கலை, எதையும் கேக்கலை," என்றார் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்த ரிஹேய். அவருக்கு அவர் கடையைப் பற்றிய கவலை.

கன்ரோகுவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒருத்தி உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கு வைக்கோல் செருப்பின் மானம் பெரிதாக இருக்கிறது. இரண்டு பேரையும் அந்தக் கணப்புக்குள் தள்ளினால் என்ன என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பதிலாக இடுப்பிலிருந்த படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். மலை, மரம், பாலம், கடை. ஒவ்வொன்றாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். தேநீர்க்கடையில் விரல் நின்றது.

"இந்த டீக்கடையையும் இவர்தான் கேட்டாரா?"

"பின்னே?" என்று எரிந்து விழுந்தார் இச்சிகாகு. "எந்தப் படம் போட்டாலும் இவரோட இந்த ஒரு தொல்லை. கடலைப் போட்டாலும் ஒரு மூலையில இது வேணும், காட்டைப் போட்டாலும் வேணும். நல்ல படத்துல கொண்டு வந்து இதை..."

ரிஹேய் பலமாக இருமினார். இருமிக்கொண்டே அசட்டுச் சிரிப்போடு அந்தப் பக்கம் திரும்பினார். கன்ரோகு அவர் முதுகைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி முதுகைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இந்தப் படம் எப்பக் கடைக்கு வந்துச்சு?"

"போன மாசக் கடைசியில. கணவாய் மூடியாச்சுன்னு சேதி வந்தப்புறம்," என்றார் ரிஹேய். "ஊரே பனியைப் பத்திப் பேசறப்பத்தானே பனிப்படம் விக்கும்?"

"நல்ல வியாபாரி. மணி அடிக்கறதுக்குள்ள சாவடிக்கு வாங்க. ஆசானைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். நானும் சொல்லலை. ஆனா இதே கடை அங்கியோட வரணும். மாத்திட்டு வந்தீங்க, பூனை குடிச்ச சாகேயைப் பத்தி ஊரெல்லாம் பேசும்."

சாவடிக்குத் திரும்பியபோது வாசலில் சிறைக்கூண்டுப் பல்லக்கு இறக்கி வைக்கப்பட்டிருந்தது. தூக்குகிறவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஓமியோ அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பாலத்தை இடிச்சுட்டு வந்தியா?" என்றார் மிசொகுச்சி.

"இல்லைங்க எஜமான். அது நின்னுட்டுப் போகட்டும். இவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேன்." கன்ரோகு ஹிகொஜிரோவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். குரலில் தேன் ஒழுகியது. "பாவம், அந்தக் குளிர்ல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பே."

"பழகிப் போச்சுங்க. பாலத்தைத் தாண்டினதும் பைன் மரத்தடியில டீ குடிச்சேன். உயிர் வந்துச்சு."

"எந்தக் கடையில?"

"இருக்கறதே ஒரு கடைதான். வாசல்ல காகித விளக்கு தொங்குமே, அது."

"விளக்குல கடையோட முத்திரை ஏதாவது இருந்துச்சா?"

ஹிகொஜிரோ கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி திறந்தபோது அந்த முகத்தில் ஒரு மாணவனின் பெருமிதம் இருந்தது. "இருந்துச்சுங்க. ரெண்டு சுரைக்குடுக்கை. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு."

"பலே! வரைஞ்சு காட்டேன்."

தமேஜி தாளும் தூரிகையும் நீட்டினான். கணக்கன் கை, கோடு பிசகவில்லை. மிசொகுச்சி கன்ரோகுவின் இடுப்பிலிருந்து படத்தைப் பிடுங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விளக்கில், கடுகளவில், அதே சுரைக்குடுக்கைகள்.

"அப்படியே இருக்கு!" என்று தொடையைத் தட்டினார். "இதுக்கு மேல என்ன வேணும்? விளக்குல இருந்த முத்திரை வரைக்கும் சொல்றான். ஏய், நீ பாத்தியா அந்த விளக்கை?"

"அங்கே டீக்கடையே இல்லைங்க," என்றாள் ஓமியோ.

"கூண்டுல ஏத்து!"

ஆட்கள் உள்ளே வந்தார்கள். தமேஜியின் முகம் வெளிறிப்போனது. "அண்ணே, என்னண்ணே பண்ணிட்டீங்க? நீங்களே அவனுக்கு ஏணி வெச்சுக் கொடுத்துட்டீங்களே!"

"ரிஹேய் ஐயா, உள்ளே வாங்க," என்றார் கன்ரோகு சத்தமாக.

வாசலில் பதுங்கிக்கொண்டிருந்த ரிஹேய் உள்ளே வந்து எல்லாருக்கும் குனிந்து வணங்கினார்.

"எஜமானுக்கு வணக்கம் போதும். இப்ப முதுகைக் காட்டுங்க."

ரிஹேய் திரும்பினார். நீலக் கடை அங்கியின் முதுகு நிறைய, முறத்தளவுக்கு, வெள்ளையாக இரண்டு சுரைக்குடுக்கைகள். குறுக்கே ஒன்று. நெடுக்கே ஒன்று.

தூக்குகிறவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"இது யாரோட முத்திரை?"

"எங்க கசமியா கடை முத்திரைங்க. நாங்க போடற படத்துல எல்லாம் ஒரு மூலையில வெக்கச் சொல்லுவோம். விளக்குல, மூட்டையில, குடையில. ஒரு விளம்பரத்துக்குத்தான். படம் போடற கடைக்காரங்க எல்லாரும் பண்றதுதாங்க."

"குராமியில உங்களுக்கு டீக்கடை இருக்கா?"

"டீக்கடையா? எனக்கா? எடோவை விட்டா எங்களுக்கு வேற கடையே இல்லைங்க."

ஹிகொஜிரோவின் கையில் இன்னும் தூரிகை இருந்தது. அதன் நுனியிலிருந்து மை சொட்டி அவன் தொடையில் பரவியது. அவன் கவனிக்கவில்லை.

"அது... அந்த ஊர்க்காரன் எவனாவது படத்தைப் பாத்துட்டு, அழகா இருக்கேன்னு தன் விளக்குல போட்டிருப்பான்."

"படம் கடைக்கு வந்ததே கணவாய் மூடினப்புறம்," என்றான் தமேஜி. அவனுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. "படத்தை அங்கே காக்கா தூக்கிட்டுப் போச்சா? அப்படியே போயிருந்தாலும், அதுக்கு முந்தியே நீ டீ குடிச்சிட்டு இறங்கி வந்துட்டியேப்பா!"

கன்ரோகு முன்னால் சாய்ந்தார். தேன் எல்லாம் வடிந்துவிட்டிருந்தது. "முதல் நாள் உனக்குக் குராமியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதான் காய்ச்சல்னு படுத்துட்டே. அப்புறம் படம் வந்துச்சு. சாமி கொடுத்த வரம்னு நினைச்சு, வாங்கி வெச்சு மனப்பாடம் பண்ணினே. நல்ல கணக்கன் நீ. ஒரு புள்ளி விடலை. விட்டிருந்தா தப்பிச்சிருப்பே."

ஹிகொஜிரோ எழுந்து ஓடுவான் என்று எதிர்பார்த்து தமேஜி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் ஓடவில்லை. முகத்திலிருந்த அடக்கம் மட்டும் கழன்று விழுந்தது.

"பத்து வயசுல அந்தக் கடைத் தரையைத் துடைக்க ஆரம்பிச்சேன்," என்றான். "தனிக்கடை வெச்சுத் தரேன், என் கடைப் பேர் போட்ட வாசல் திரையை உனக்கும் தரேன்னு வருஷா வருஷம் சொன்னார். கடைசியில அவர் தங்கச்சி மகனுக்குக் கொடுத்துட்டார். ஏன்னு கேட்டேன். உனக்குக் கணக்குத்தான் வரும், பட்டு வராதுன்னார். அதனாலதான் குராமிக்கும் இவளை அனுப்பினாராம். சிரிச்சுக்கிட்டே சொன்னார். சிரிச்சுக்கிட்டே."

கூண்டுப் பல்லக்கு காலியாகப் போகவில்லை. ஆள்தான் மாறியிருந்தான்.

மிசொகுச்சி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார், இரண்டு வாள் செருகிய சாமுராய் இடுப்பு அவ்வளவு சுலபமாக வளையாது. அச்சுப்படத்தை நாலாக மடித்துச் சட்டைக் கைக்குள் திணித்துக்கொண்டு, அவிழ்த்துவிடு என்று சைகை மட்டும் காட்டினார்.

கன்ரோகு ஓமியோவின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. அவள் அழுவாள் என்று தமேஜி ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தான். அவள் அழவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ புரியாததைக் கேட்கிறவள் போல அவரைப் பார்த்தாள்.

"அப்ப நிஜமாவே அங்கே பாலம் இல்லைதானே அண்ணே?"

"நீதானேம்மா போயிட்டு வந்தே?" என்றார் கன்ரோகு.

"போனேன். ஆனா இவங்க அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி..." அவள் தோல் உரிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். "நேத்து ராத்திரி கனவுல அந்தப் பாலத்துமேல நடந்தேன். கால்ல சிவப்பு ஒட்டிக்கிச்சு. விடிஞ்சதும், இத்தனை பேர் பாத்திருக்காங்களே, நான்தான் பாக்கலை போலிருக்குன்னு தோணிச்சு. எஜமான் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா, பாலம் இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

மிசொகுச்சி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.